பிள்ளையின் உடல், பெற்றோரின் கையொப்பம்

1996 மார்ச் மாதம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஈஸ்ட் ஸ்ட்ரவுட்ஸ்பர்க் என்னும் ஊரின் பள்ளியொன்றில் ஆறாம் வகுப்புச் சிறுமிகள் 59 பேர் மருத்துவப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். உயரம், எடை, கண், காது என்ற வழக்கமான பரிசோதனையோடு அது நிற்கவில்லை. அவர்களுடைய பிறப்புறுப்பும் பார்க்கப்பட்டது. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். சிலர் அழுதார்கள். வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த மாநிலத்தில் ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை சட்டப்படி கட்டாயம். பெற்றோருக்கு முன்கூட்டியே தாளும் அனுப்பப்பட்டிருந்தது. ஆனால் இப்படியொரு பரிசோதனை நடக்கும் என்று தங்களுக்குத் தெரியாது என்றார்கள் பெற்றோர். 1999இல் வழக்கு ஜூரியின் முன் முடிந்தபோது, வழக்குத் தொடுத்த சிறுமிகளுக்கு இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பானது.

சட்டம் இருந்தது, தாள் இருந்தது, மருத்துவரும் இருந்தார். பிறகு எது இல்லாமல் போயிற்று? பள்ளியில் ஒரு குழந்தையின் உடலைப் பரிசோதிக்க யாருடைய சம்மதம் வேண்டும், எந்த அளவுக்கு வேண்டும் என்ற கேள்விக்கு நூறாண்டுக்கு மேலாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. அரசின் கடமையே போதும் என்பது ஒன்று. பெற்றோர் எழுதிக் கொடுத்தாலொழியத் தொடக்கூடாது என்பது மற்றொன்று. மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளலாம் என்பதும், பிள்ளையையே கேட்க வேண்டும் என்பதும் பின்னால் வந்து சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் பிறந்த காலமும் காரணமும் உண்டு, ஓட்டையும் உண்டு.

அரசு பார்க்கத் தொடங்கியது

1894இல் பாஸ்டன் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, பள்ளிப் பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று 50 மருத்துவர்கள் அமர்த்தப்பட்டார்கள். நோய் கண்ட பிள்ளையைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. பெற்றோரைக் கேட்பது அன்றைய பேச்சிலேயே இல்லை. தொற்று என்பது ஒரு வீட்டின் சொந்தக் காரியம் அல்ல. பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கும் அது போகும். அந்த நியாயம் இன்றும் செல்லும்.

பிரிட்டனில் காரணம் வேறு. போயர் போருக்கு ஆள் சேர்த்தபோது, வந்த இளைஞர்களில் பலர் உடல் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். இதை ஆராய்ந்த குழு 1904இல் தந்த அறிக்கை, பள்ளிகளில் முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றது. 1907இல் அது சட்டமானது. மார்கரெட் மெக்மில்லன் போன்றவர்கள் ஏழைப் பிள்ளைகளின் பசியையும் நோயையும் கண்டு மனம் பொறுக்காமல் இதற்காகப் போராடினார்கள் என்பது உண்மை. நாடாளுமன்றத்தை அசைத்ததில் படைக்கு ஆள் கிடைக்குமா என்ற கவலைக்கும் பங்குண்டு. பள்ளி மருத்துவத்தின் பிறப்பிலேயே இந்த இரட்டைத்தன்மை இருக்கிறது: பிள்ளைக்காகப் பார்ப்பது, பிள்ளையை வைத்து வேறொன்றுக்காகப் பார்ப்பது.

1944ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கல்விச் சட்டம் இந்த நிலைப்பாட்டைத் தெளிவாக வகுத்தது. பிள்ளையைப் பரிசோதனைக்கு உட்படுத்துமாறு உள்ளூர்க் கல்வி அமைப்பு கேட்கலாம். தக்க காரணமின்றி மறுக்கும் பெற்றோருக்கு ஐந்து பவுண்டு வரை அபராதம். சிகிச்சை வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தாலோ அதை மதித்தாக வேண்டும். பார்ப்பதற்கு மறுப்பில்லை, மருந்து கொடுப்பதற்கு மறுக்கலாம் என்ற இந்தக் கோடு பிற்கால விவாதங்கள் பலவற்றின் அடியில் ஓடுகிறது. தொண்டையைப் பார்ப்பது, பல்லைப் பார்ப்பது என்ற வரையில் கோடு நன்றாகவே நிற்கிறது. பார்ப்பதே காயமாகும் இடத்தில் உடைந்துவிடுகிறது. ஈஸ்ட் ஸ்ட்ரவுட்ஸ்பர்க் சிறுமிகளுக்கு யாரும் ஊசி போடவில்லை, மருந்து கொடுக்கவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அந்தத் தொடக்கக் காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் 1902இல் லினா ராஜர்ஸ் என்னும் செவிலியர் பள்ளிகளில் அமர்த்தப்பட்டார். அதுவரை பரிசோதனை என்றால் சிரங்கும் கண்ணோயும் உள்ள பிள்ளைகளை வெளியேற்றுவது மட்டுமே. ராஜர்ஸ் பள்ளியிலேயே மருந்து போட்டார், வீடு தேடிச் சென்று தாய்மாரிடம் பேசினார். அவரைத் தொடர்ந்து வேறு செவிலியர்களும் சேர்க்கப்பட்டார்கள். 1902 செப்டம்பரில் நோய் காரணமாக வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர் என்றும், அடுத்த ஆண்டு அதே மாதத்தில் 1,101 பேர் என்றும் பதிவாகியிருக்கிறது. பரிசோதனைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதே பரிசோதனையை நியாயப்படுத்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று அந்தக் காலத்தில் இல்லை.

தாள் இருந்தது, புரியவில்லை

அதே நியூயார்க்கில் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது, சம்மதத்தைப் பற்றி எழுதும் எவரும் கடந்துபோக முடியாத நிகழ்ச்சி. நகரின் கிழக்குப் பகுதியில் ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. அங்கே ஒரு பள்ளியில், அடினாய்டு சதை வளர்ந்து மூச்சுவிடச் சிரமப்பட்ட பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை செய்ய ஏற்பாடானது. மருத்துவமனைக்குப் போக வசதியில்லாதவர்களுக்குப் பள்ளியிலேயே செய்யலாம் என்பது நல்ல எண்ணம்தான். பெற்றோரின் அனுமதியும் எழுத்தில் வாங்கப்பட்டது. தாள் ஆங்கிலத்தில் இருந்தது; தாய்மார் பலருக்கு இத்திஷ் மட்டுமே தெரியும்.

1906 ஜூன் இறுதியில் வதந்தி கிளம்பியது: பள்ளியில் மருத்துவர்கள் பிள்ளைகளின் கழுத்தை அறுக்கிறார்கள். பியாலிஸ்டோக் நகரில் யூதர்கள் கொல்லப்பட்ட செய்தி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஆயிரக்கணக்கான தாய்மார் பள்ளிகளை முற்றுகையிட்டார்கள். கண்ணாடிகள் உடைந்தன, காவலர்கள் வந்தார்கள், பிள்ளைகள் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அன்றைய பத்திரிகைகள் பல இதைப் படிக்காத மக்களின் பீதி என்று எழுதின. அது அநியாயமான வாசிப்பு. வாயில் இரத்தத்தோடு வீடு திரும்பிய பிள்ளையைப் பார்த்த தாய்க்கு, தான் எதற்குக் கையெழுத்திட்டோம் என்று யாரும் அவள் மொழியில் சொல்லியிருக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் சம்மதம் இருந்தது. உண்மையில் இல்லை. எழுத்துச் சம்மதமே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு 1906 இன்னும் பதில் சொல்லப்படாத கேள்வியாகவே நிற்கிறது.

பெற்றோரே முதல்வர்

பெற்றோரின் எழுத்துச் சம்மதம் கட்டாயம் என்ற நிலைப்பாட்டுக்கு மிக வலுவான சட்ட வடிவம் கொடுத்தது அமெரிக்கா. பிள்ளையை வளர்ப்பதில் பெற்றோருக்கு அரசியல் சட்டப் பாதுகாப்புள்ள உரிமை உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1920களிலேயே சொல்லிவிட்டது. அது கல்வியைப் பற்றிய வழக்கு. உடலைப் பற்றிய வழக்கு ஓக்லஹோமாவின் டல்சா நகரிலிருந்து வந்தது.

1998 நவம்பரில், ஏழைக் குடும்பத்து மழலையருக்கான ஹெட் ஸ்டார்ட் திட்டத்தில் சேர்ந்த குழந்தைகளுக்கு அங்கே ஒரு பள்ளியில் பரிசோதனை நடந்தது. பிறப்புறுப்பு பார்க்கப்பட்டது, இரத்தமும் எடுக்கப்பட்டது. தாங்கள் சம்மதிக்கவில்லை என்று சில பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2003இல் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. காவலர் வீட்டைச் சோதனையிடுவதைக் கட்டுப்படுத்தும் அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தம், அரசு நடத்தும் மருத்துவப் பரிசோதனைக்கும் பொருந்தும் என்றது. குழந்தையின் நன்மைக்காகச் செய்தோம் என்பது மட்டும் போதாது. பெற்றோரைக் கேட்பதற்கு என்ன தடை இருந்தது என்று காட்ட வேண்டும். எந்தத் தடையும் இருந்ததாகத் தெரியவில்லை.

எளிய கேள்விதான். பெரும்பாலான பள்ளிப் பரிசோதனைகள் அவசர சிகிச்சை அல்ல. இன்று முடியாவிட்டால் அடுத்த வாரம் நடக்கலாம். கேட்பதற்கு நேரம் இருக்கிறது.

இதற்கிடையில், 2002இல் கையெழுத்தான கூட்டரசுக் கல்விச் சட்டம் வேறொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அந்தரங்க உறுப்புகள் வெளிப்படும் பரிசோதனை, உடலைக் கீறும், துளைக்கும், ஊசி செலுத்தும் பரிசோதனை ஆகியவற்றைப் பள்ளி கட்டாயமாக நடத்தினால், பெற்றோருக்கு முன்னறிவிப்பு தர வேண்டும். அவர்கள் விலகிக்கொள்ள வழிவிட வேண்டும். ஆனால் மாநிலச் சட்டம் அனுமதிக்கும் அல்லது கட்டாயமாக்கும் பரிசோதனைகளுக்கு இது பொருந்தாது. செவி, கண், முதுகெலும்பு வளைவு ஆகிய பரிசோதனைகளுக்கும் விலக்கு உண்டு. முதுகெலும்பு வளைவுக்காக மாணவிகளைக் குனியச் சொல்லி முதுகைப் பார்ப்பது அமெரிக்கப் பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். அறிகுறியில்லாத பிள்ளைகளுக்கு அந்தப் பரிசோதனை வேண்டாம் என்று அந்நாட்டின் தடுப்பு மருத்துவ வல்லுநர் குழு 2004இல் சொன்னது. 2018இல் நன்மையா தீமையா என்று தீர்மானிக்கச் சான்று போதாது என்று மாற்றிக்கொண்டது. பெற்றோரைக் கேட்காமல் செய்யலாம் என்று விலக்கு பெற்ற பரிசோதனைக்கே மருத்துவச் சான்று இவ்வளவு தளர்வாக இருக்கிறது.

எழுத்துச் சம்மத வாதத்தின் பலவீனம் வேறிடத்தில். தாள் திரும்பி வராததற்குக் காரணம் எப்போதும் மறுப்பு அல்ல. புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கலாம். தாய் விடியலில் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவளாக இருக்கலாம். தந்தை வெளியூரில் இருக்கலாம், பிள்ளை பாட்டியிடம் வளரலாம். எழுத்துச் சம்மதம் கேட்கும்போது பங்கேற்பு குறைவதும், விடுபடுகிறவர்களில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் கூடுதலாக இருப்பதும் பள்ளி ஆய்வுகளில் அடிக்கடி காணப்படுவது. யாருக்குப் பரிசோதனை மிகவும் தேவையோ அவர்களே வெளியே நிற்கிறார்கள். இதைவிடக் கடினமானது, தீங்கு வீட்டுக்குள்ளேயே இருக்கும் நிலை. அடிபட்ட தழும்பை மறைக்க விரும்பும் பெற்றோரிடமே அனுமதி கேட்க வேண்டியிருந்தால், அந்தப் பிள்ளைக்கு மிஞ்சும் கதவு எது?

மறுக்காதவர் சம்மதித்தவர்

இந்தச் சிக்கலுக்கு நடுவழியாக வந்தது மறுப்புரிமை முறை. பெற்றோருக்கு அறிவிப்பு போகும். வேண்டாம் என்று எழுதினால் பிள்ளை விலக்கப்படும். பதில் இல்லையென்றால் பரிசோதனை நடக்கும். இங்கிலாந்தில் 2005–06 கல்வியாண்டிலிருந்து 4–5 வயதிலும் 10–11 வயதிலும் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் எடுக்கும் தேசியத் திட்டம் இப்படித்தான் நடக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் பங்கேற்கிறார்கள், நாடு முழுமைக்கும் நம்பத்தக்க புள்ளிவிவரம் கிடைக்கிறது.

எடை பார்ப்பதற்கு இது போதும் என்று கொள்ளலாம். அதற்குமேல் போகும்போதுதான் இடறுகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான டீன்ஸ்கிரீன் என்னும் திட்டம், மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் உள்ள மாணவர்களைக் கண்டறியும் நோக்கம் கொண்டது. இந்தியானா மாநிலப் பள்ளியொன்றில் 2004இல் இதே மறுப்புரிமை முறையில் நடந்தபோது, மாணவியின் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். வந்ததே தெரியாத அறிவிப்புக்குப் பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எப்படிக் கொள்வது என்பது அவர்கள் வாதம். 2012இல் அந்தத் திட்டமே முடித்துக்கொள்ளப்பட்டது.

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும்போது சம்மதம் பெறுவது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட குறிப்பு, எழுத்தில் பெறுவது, வாய்மொழியாகப் பெறுவது, செயலிலிருந்து உய்த்துணர்வது என்று மூன்று வழிகளைப் பிரித்துக் காட்டுகிறது. பெற்றோர் உடன் வராமல் பிள்ளை மட்டும் வந்து நிற்கும்போது, பெற்றோர் சம்மதித்தார்களா என்று உய்த்துணர்வது கடினம் என்றும் ஒப்புக்கொள்கிறது. அன்று பிள்ளை பள்ளிக்கு வந்திருப்பது பாடம் படிக்க. அதைச் சம்மதமாக எண்ணுவது வசதியான கற்பனை.

பயனில்லாப் பரிசோதனைக்கு எந்தச் சம்மதமும் போதாது

சம்மதம் பற்றிய விவாதத்தில் மருத்துவர்கள் எழுப்பும் ஒரு கேள்வியைச் சட்ட வல்லுநர்கள் அடிக்கடி தாண்டிப் போகிறார்கள்: இந்தப் பரிசோதனையால் பிள்ளைக்கு என்ன பயன்? வில்சன், யுங்னர் இருவரும் உலக சுகாதார நிறுவனத்துக்காக 1968இல் வகுத்த பத்து அளவுகோல்கள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. கண்டறிந்த நோய்க்கு ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும், அதற்கான வசதி இருக்க வேண்டும், பரிசோதனை மக்கள் ஏற்கும்படி இருக்க வேண்டும் என்பவை அவற்றில் அடங்கும்.

அர்கன்சா மாநிலம் 2003இல் எல்லா மாணவர்களின் உடல் எடைக் குறியீட்டையும் கணக்கிட்டுப் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பச் சட்டம் செய்தது. எதிர்ப்பு வந்தபின் 2007இல் திருத்தி, பெற்றோர் மறுக்க இடம் கொடுத்தது. கடிதத்தால் பயன் உண்டா என்று கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில், 28,000க்கு மேற்பட்ட மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. பிள்ளைகளின் எடை குறையவில்லை. தங்கள் உடலைப் பற்றிய அதிருப்தி மட்டும் கூடியிருந்தது. பெற்றோர் அனைவரும் மனமுவந்து கையெழுத்திட்டிருந்தாலும் இந்த விளைவு மாறியிருக்காது.

பிள்ளைக்குப் பயன் இல்லாதது மட்டுமல்ல, பிள்ளைக்கு எதிராகவே நடத்தப்படும் பரிசோதனையும் உண்டு. தான்சானியாவில் பள்ளி மாணவிகளுக்குக் கட்டாயக் கர்ப்பப் பரிசோதனை செய்து, கர்ப்பமானவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அவர்கள் திரும்பிப் படிக்கத் தடை 2021இல்தான் விலக்கப்பட்டது. 2025 ஜூலையில் மகாராஷ்டிராவின் தானே மாவட்டத்தில், கழிவறையில் இரத்தக்கறை கண்டதற்காக மாணவிகளின் ஆடையைக் களையச் செய்து மாதவிடாய் பார்த்த நிகழ்ச்சியில் பள்ளி முதல்வர் கைதானார். இவை மருத்துவமே அல்ல, தண்டனை. பெற்றோரைக் கேட்டிருக்க வேண்டுமா என்று இங்கே விவாதிப்பதுகூடத் தவறு. எவர் சம்மதித்தாலும் செய்யக்கூடாதவை என்று ஒரு வகை உண்டு என்பதை எல்லாத் தரப்பும் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிள்ளையை யார் கேட்டார்கள்?

அரசா பெற்றோரா என்ற வழக்கில் பிள்ளை நெடுங்காலம் வழக்குப் பொருளாகவே இருந்தது. 1985இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, கில்லிக் வழக்கில், தனக்குச் செய்யப்படும் மருத்துவத்தைப் புரிந்துகொள்ளும் அறிவு முதிர்ந்த பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் சம்மதமே செல்லும் என்றது. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வந்த தீர்ப்பு அது. 1989இல் ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பப் பிள்ளையின் கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்றது. இலங்கை 1991இலும் இந்தியா 1992இலும் அதை ஏற்றன.

ஜப்பானின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. அங்கே பள்ளி மருத்துவப் பரிசோதனை ஆண்டுதோறும் சட்டப்படி நடக்கிறது. பெற்றோர் பெரிதாக எதிர்த்ததில்லை. எதிர்ப்பு, மேலாடை இல்லாமல் நிற்க நேர்ந்த மாணவிகளின் கூச்சத்திலிருந்து எழுந்தது. உடலை ஆடையாலோ துண்டாலோ மறைத்துக்கொள்ள இடம் தருமாறு கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஜூனில், குன்மா மாநிலத்தின் மினகாமி ஊரில், பள்ளி மருத்துவர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் உள்ளாடையை விலக்கிப் பார்த்தது தெரியவந்தது. பருவ வளர்ச்சியை அறியவே பார்த்ததாக அவர் சொன்னார். பெற்றோருக்கும் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. ஊர்க் கல்வி வாரியம் மன்னிப்புக் கேட்டது.

பிள்ளையின் குரலுக்கு இடம் தரும் வாதத்தின் வலு இதில் தெரிகிறது. அதன் பலவீனமும் மறைவானதல்ல. வகுப்பே வரிசையில் நிற்க, ஆசிரியர் பெயர் கூப்பிட, வெள்ளை அங்கி அணிந்தவர் முன் ஒரு சிறுமி 'எனக்கு வேண்டாம்' என்று சொல்வாள் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. பிள்ளைக்கு உரிமை உண்டு என்று எழுதிவைத்தால் போதாது. மறுத்தாலும் கேலியோ தண்டனையோ இல்லை என்ற சூழலைப் பெரியவர்கள்தான் அமைக்க வேண்டும்.

இந்தியாவில்

இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை முதன்முதலில் 1909இல் பரோடா நகரில் நடந்தது. 1946இல் போர் (Bhore) என்பவர் தலைமையிலான நலவாழ்வுக் குழு, பள்ளி நலப் பணி நாட்டில் ஏறக்குறைய இல்லை என்றே எழுதியது. 1960இல் ரேணுகா ராய் தலைமையில் தனிக் குழு அமைந்தது. இந்த வரலாறு முழுவதும் கவலை ஒன்றே: பரிசோதனை போதவில்லை. மருத்துவரே எட்டிப்பார்க்காத ஊரில் சம்மதம் பற்றிப் பேச யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம், சுருக்கமாக ஆர்.பி.எஸ்.கே., நிலைமையை மாற்றியது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து, பிறப்பிலேயே உள்ள குறைகள், சத்துக்குறை, நோய்கள், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு பிரிவுகளில் 30 நிலைகளைப் பார்க்கிறது. குழுவில் ஆண் மருத்துவர் ஒருவரும் பெண் மருத்துவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. இதயத்தில் ஓட்டையோடு பிறந்து யாருக்கும் தெரியாமல் வளரும் பிள்ளையை, பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் வைத்த ஸ்டெதஸ்கோப் கண்டுபிடித்துவிட முடியும். கிட்டப்பார்வையால் கரும்பலகை தெரியாமல் 'மக்கு' என்று பெயர் வாங்கிய பிள்ளைக்குக் கண்ணாடி கிடைக்கிறது. இந்தப் பயனைக் குறைத்துச் சொல்லும் எந்த வாதமும் நேர்மையானதல்ல.

ஆனால் இதே திட்டத்தின் வளரிளம் பருவத்தினருக்கான படிவம், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் உண்டா, மனம் சோர்ந்திருக்கிறதா என்றும் கேட்கிறது. பல்லைப் பார்ப்பதும் இந்தக் கேள்விகளும் ஒரே தரத்தவை அல்ல. இரண்டுக்கும் ஒரே பொது அறிவிப்பு போதுமா?

சட்டமும் தெளிவான விடை தரவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வதற்குக் காப்பாளர் அல்லது 'சட்டப்படி பொறுப்பில் வைத்திருக்கும் வேறொருவர்' சம்மதம் தரலாம் என்கிறது. பள்ளி நேரத்தில் தலைமையாசிரியர் அந்த வேறொருவரா? விடுதிக் காப்பாளரா? இந்தத் தெளிவின்மைக்கு ஒரு மாவட்டமே விலை கொடுத்தது.

2009இல், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசியைப் பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குப் போடும் செயல்விளக்கத் திட்டம் தொடங்கியது. பாத் என்னும் பன்னாட்டு அமைப்பு நடத்தியது. கம்மத்தில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றே அரசு அமைத்த விசாரணைக் குழு கூறியது. ஆனால் விசாரணையில் சம்மதத்தின் நிலை வெளிப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த அறிக்கையின்படி, ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 படிவங்களில் 2,763இல் கையெழுத்திட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள், 1,948இல் கைநாட்டு. அறிக்கை கடுமையான சொற்களில் கண்டித்தது.

மலைக்கிராமத்திலிருக்கும் தாயைத் தேடிப்போய்க் கேட்பது கடினம் என்பதில் ஐயமில்லை. கடினம் என்பதாலேயே காப்பாளரின் கையெழுத்து தாயின் கையெழுத்தாகிவிடாது. நல்ல தடுப்பூசி ஒன்று இந்தியாவில் நீண்ட காலம் ஐயத்தின் நிழலில் நின்றதற்கு அந்த 2,763 படிவங்களுக்கும் பங்கு உண்டு.

அந்த நிழல் தமிழ்நாட்டிலும் விழுந்தது என்று சொல்லலாம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் முதற்கட்டமாகத் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகியவற்றில் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய அச்சத்தால் பெற்றோர் பலர் தயங்கினார்கள். முகாமை நீட்டிக்க நேர்ந்தது. வதந்தியைப் பரப்பியவர்கள் தவறு செய்தார்கள். முன்கூட்டியே விளக்கியிருந்தால் வதந்திக்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்குமா என்பதும் கேட்கத்தக்கது. அதே தடுப்பூசி டெல்லிப் பள்ளிகளுக்கு வந்தபோது, சம்மதம் கேட்கத் தேவையில்லை என்று அரசு முடிவுசெய்தது. 2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பெற்றோரின் சம்மதம் வேண்டும். பக்கவிளைவுகளையும் யாருக்குப் போடக்கூடாது என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றது. ஊசியைப் பற்றிய தீர்ப்பு அது. ஊசியில்லாத பரிசோதனைக்கு எவ்வளவு பொருந்தும் என்பது தனியே முடிவாகவில்லை.

எது தெளிந்தது, எது தெளியவில்லை

இத்தனை வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தால், எல்லாப் பரிசோதனைக்கும் ஒரே வகைச் சம்மதம் என்ற எண்ணமே குழப்பத்தின் வேர் என்று தோன்றுகிறது. கண், காது, பல், உயரம், எடை ஆகியவற்றுக்குத் தெளிவான அறிவிப்பும் மறுக்கும் உரிமையும் பெரும்பாலும் போதும். இரத்தம் எடுப்பது, ஊசி போடுவது, மனநிலை பற்றிய வினாக்கள் ஆகியவற்றுக்குப் பெற்றோரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்பதற்கு வாதங்கள் வலுவாக இருக்கின்றன. ஆடை களைய வேண்டிய பரிசோதனையைப் பள்ளியில் நடத்த என்ன அவசியம் என்று டல்சாவும் மினகாமியும் கேட்கின்றன. இதுவரை வந்த விடைகள் மனநிறைவு தருவனவாக இல்லை. அவசரம், தொற்று, வீட்டிலேயே வன்முறை என்ற ஐயம் ஆகிய மூன்றும் விதிவிலக்காக நிற்கலாம். ஆனால் விதிவிலக்கைப் பயன்படுத்துகிறவர் காரணத்தை எழுதிவைக்க வேண்டும்.

சம்மதத்தின் தரத்தைத் தாளின் எண்ணிக்கையால் அளக்க முடியாது என்பதும் ஓரளவு உறுதி. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாய்மொழியாக விளக்கி, கேள்விக்கு இடம் கொடுத்துப் பெறும் ஒப்புதல், யாரும் படிக்காத அச்சிட்ட படிவத்தைவிட உண்மைக்கு நெருக்கமாக இருக்கலாம். சட்டத்தின் முன் அது எவ்வளவு நிற்கும் என்பது சோதிக்கப்படாதது.

பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் இந்தியச் சட்டத்தில் மங்கலாகவே இருக்கின்றன. பன்னிரண்டுக்குட்பட்ட பிள்ளையின் சம்மதம் செல்லாது என்று தண்டனைச் சட்டம் சொல்கிறது. பதினெட்டில்தான் வயது நிறைகிறது என்று 1875ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. நடுவில் நிற்கும் பதினான்கு வயது மாணவி, பெற்றோர் சம்மதித்த பரிசோதனையை வேண்டாம் என்றால் மருத்துவர் யார் சொல்லைக் கேட்பது? பெற்றோருக்குத் தெரியாமல் ஒன்றைச் சொல்ல விரும்பினால் அதை எங்கே பதிவுசெய்வது? கில்லிக் போன்ற ஒரு தீர்ப்பு இங்கே வரவில்லை. இதற்கிடையில், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்று 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பள்ளி முகாமில் எழுதப்படும் குறிப்புகள் கணினியில் ஏறி ஆண்டுக்கணக்கில் பிள்ளையோடு பயணப்படும் காலத்தில், உடலைப் பார்க்கப் பெற்ற சம்மதம் அந்தக் குறிப்பைச் சேமிக்கவும் பகிரவும் செல்லுமா என்பது அடுத்து நீதிமன்றங்களின் முன் வரக்கூடிய கேள்வி.